பட்டினி கிடக்க வேண்டிய செல்கள்

பீளமேட்டில் ஆராய்ச்சி மாணவியாக இருந்தபோது இரத்தத்தின் ஸ்டெம் செல்களை வளர்த்தேன். அவை சிவப்பணு ஆவதா, வெள்ளையணு ஆவதா என்பது பெரும்பாலும் வெளியிலிருந்து வரும் சேதியைப் பொறுத்தது. ஒரு வளர்ச்சிப் புரதம் வந்து செல்லின் வெளிப்புறத்தில் தட்டும். உள்ளே ஒரு புரதம் அடுத்ததை உசுப்பும், அது அதற்கடுத்ததை. கடைசியில் சேதி உட்கருவுக்குப் போய்ச் சேரும். அந்த உசுப்பலை அளந்து காட்டுவதுதான் என் வேலை. இரண்டு முறை சொதப்பியாயிற்று. சனிக்கிழமைக்குள் காட்டாவிட்டால் என் ஆராய்ச்சித் தலைப்பையே மாற்றிவிடுவேன் என்று என் வழிகாட்டி சொல்லிவிட்டார்.

இதில் ஒரு கொடுமை உண்டு. அளப்பதற்கு முன் செல்களை நாலு மணி நேரம் பட்டினி போட வேண்டும். வயிறு நிறைந்த செல் ஏற்கெனவே உசும்பிக்கொண்டிருக்கும், புதுச் சேதி வந்தாலும் வித்தியாசம் தெரியாது.

வியாழன் காலை சத்து நீரை வடித்துவிட்டு வெறும் உப்புக் கரைசலை ஊற்றினேன். செல்கள் வளரும் தட்டுகளின் மூடியில் கொட்டை எழுத்தில் ‘பட்டினி’ என்று எழுதிவைத்து வகுப்புக்குப் போனேன். மதியம் அளந்தால், புரதம் கொடுத்த தட்டும் கொடுக்காத தட்டும் ஒரே மாதிரி காட்டின. வந்த ஆத்திரத்தில் கருவியை உதைக்கப் போனேன். அதன் விலை ஞாபகம் வரவே நாற்காலியை உதைத்தேன்.

எல்லார் தட்டுகளுக்கும் சத்து நீர் ஊற்றும் உதவியாளர் அக்கா கையைப் பிசைந்துகொண்டு வந்தார்.

“நீங்க ஊத்த மறந்துபோட்டு, எனக்குத் தெரியோணும்னு எழுதி வெச்சிருக்கீங்கன்னு நெனச்சேன் கண்ணு. பாவமா இருந்துச்சுங்க. எல்லாத்துக்கும் நெறைய ஊத்திபோட்டேன்.”

பட்டினி என்று எழுதியிருப்பதைப் பார்த்துவிட்டுச் சும்மா போகிற ஆள் எங்கள் பக்கத்தில் இன்னும் பிறக்கவில்லை. அது எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். கத்த எடுத்த வாயை மூடிக்கொண்டு விவரத்தைச் சொன்னேன்.

வெள்ளிக்கிழமை மறுபடியும் பட்டினி போட்டேன். தட்டுகளை இளஞ்சூட்டில் வைத்திருக்கும் இன்குபேட்டர் முன்னால் நாற்காலி போட்டு அக்காவே காவலுக்கு உட்கார்ந்தார். ஒரு மணிக்குச் சாப்பிடக் கூப்பிட்டேன்.

“அதுக பட்டினி கெடக்கைல எனக்கு எப்படிங்க எறங்கும்? நீங்க போய்ச் சாப்புடுங்க கண்ணு.”

இதைக் கேட்ட பிறகு எனக்கு மட்டும் இறங்குமா? கண்ணுக்கே தெரியாத ஜீவன்களுக்குத் துணையாக இரண்டு பேரும் விரதம் இருந்தோம்.

நாலு மணிக்குக் கருவியின் திரையில் வரைபடத்தின் இரண்டு மேடுகள் விலகி நின்றன. ஒன்று பட்டினி மட்டும் கிடந்த செல்கள், மற்றது பட்டினிக்குப் பின் புரதம் கொடுத்துச் சேதி கிடைத்த செல்கள். தலைப்பு தப்பியது. சந்தோஷத்தில் அழுதேவிட்டேன். அக்கா என் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தார்.

“சேதி போய்ச் சேந்துருச்சுங்களா?”

“சேந்துருச்சுங்க்கா.”

“அப்ப மிச்சத் தட்டுக்கெல்லாம் ஊத்திபோட்டு வாரேனுங்க” என்று ஓடினார். அதற்குப் பிறகுதான் தன் டிபன் டப்பாவைத் திறந்தார்.