குணம் திருப்பி அனுப்பிய போத்தல்

அப்டன் பார்க் மீன்கடையில் நின்றபோது குணத்தின் மனைவி பவானியின் அழைப்பு வந்தது. "அண்ணை, இவர் போயிட்டார்."

"எங்கை போனவர்?" என்று கேட்டேன். அப்படிக் கேட்டதை நினைத்தால் இன்றும் வெட்கம். முதல்நாள் பின்னேரம்கூட ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்து என்னோடு வாதாடிய மனிதர் குணரத்தினம். மீனை வாங்கினேனா, விட்டுவிட்டு வந்தேனா, தெரியவில்லை.

குணத்தை அறிந்தவர்களுக்கு அவருடைய வாயும் தெரியும். நாங்கள் சேர்ந்து நடத்திய கராஜில் கார் திருத்தியது பாதி, வாதாடியது பாதி. அமெரிக்காவில் மகளிடம் போய்வந்த பிறகு ஒரே கதைதான். அங்கே ஒரு மியூசியத்தில் அடைத்துவைத்த கண்ணாடிக் குழாய் ஒன்றைப் பார்த்தாராம். மின்விளக்கால் பேர்பெற்றவரின் கடைசி மூச்சு அதற்குள் இருக்கிறதாம். கார் செய்து பேர்பெற்ற சிநேகிதருக்கு அதை இறந்தவரின் மகன் கொடுத்தாராம்.

"ஐசே, வெறும் காத்தைப் பாக்கவோ டிக்கெட் எடுத்தனீர்?" என்றேன்.

"அந்தக் கார்க்காரரை ஆருக்கும் தெரியாத காலத்திலயே தட்டிக்குடுத்த சிநேகிதன்ர மூச்சு. உமக்கு அது வெறும் காத்தோ?"

அந்த வாதம் கடைசிவரை முடியவில்லை. ஆஸ்பத்திரியிலும் அதுதான்.

என் மனைவி சரோ வறுத்து அரைக்கும் மிளகாய்த்தூள் என்றால் அவருக்கு உயிர். போத்தலில் போட்டு, சிந்தாமல் மூடியைச் சுற்றிக் கறுப்பு டேப் ஒட்டிக் கொடுப்பேன். வாங்கிய பாத்திரத்தை எங்கள் ஆட்கள் வெறுமையாகத் திருப்புவதில்லை. குணம் அதில் பெரும் பிடிவாதக்காரர். ஒன்றுமில்லாவிட்டால் ஒரு பிடி சீனியாவது போட்டுத்தான் அனுப்புவார்.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்த பின், ஆஸ்பத்திரிக்கு நான் தூளோடு கொண்டுபோய்க் கொடுத்த போத்தலைப் பவானி என் கையில் தந்தார். உள்ளே ஒன்றுமில்லை. மூடியைச் சுற்றி இறுக்கமாகக் கறுப்பு டேப்.

"ஆஸ்பத்திரிச் சாமானோட வந்தது. உங்களிட்டைக் குடுக்கச் சொன்னவர்."

"டேப் ஆர் ஒட்டினது?"

"தெரியேல்லை அண்ணை. நீங்கள் ஒட்டினதெல்லோ?"

நான் ஒட்டியதா? அப்படியென்றால் தூளை எப்படி எடுத்தார்? அவர் ஒட்டியதென்றால் எதற்காக? என்னைப் பகிடி பண்ணினாரா, உண்மையாகவே செய்தாரா? கேட்டுத் தெளிய இருந்த ஒரே ஆள் அவர்தான்.

நேற்று சரோ அதை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போனாள். "இஞ்சேருங்கோ, தூள் போடப் போத்தில் இல்லை. இதைக் கழுவட்டே?"

"திறக்காதையும்!" என்று கத்திவிட்டேன். அவள் பயந்துபோனாள்.

"உள்ளுக்கை ஒண்டுமில்லையப்பா. வெறும் போத்தில்."

"குணம் ஒருநாளும் வெறும் போத்தில் திருப்பித் தந்தவரில்லை," என்று சொல்லி அதை வாங்கிக்கொண்டேன்.