நிறுத்தச் சொன்ன எண்

சென்ற ஆண்டு சிறுபோக நெற்செய்கைக் காலத்தில், கண்டாவளைப் பக்கம் விவசாயிகளின் கமக்கார அமைப்பு ஒன்றின் கூட்டத்தில் நடந்தது இது. நீர்ப்பாசன அலுவலகத்திலிருந்து ஓய்வுபெற்ற பிறகும் விதிமுறைகளைக் கைவிட மனமில்லாமல், அவர்களுடைய கணினியை நான்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். வாய்க்காலில் தண்ணீர் விடுவதற்கு முதல்நாள் அது கமக்காரருக்குக் குறுஞ்செய்தி அனுப்பும். போனது, போகாதது, மறுமொழி வந்தது எல்லாவற்றையும் ஒரு பதிவுக் கோப்பில் வரிவரியாக எழுதி வைக்கும்.

கூட்டத்தில் ஒரு பெண் எழுந்து, தனக்குச் செய்தி வராததால் தண்ணீர் முறை தவறிவிட்டது என்றார். நெல், கதிர் வெளிவருவதற்கு முந்திய குடலைப் பருவத்தில் நின்றது. உடனே தண்ணீர் கிடைக்காவிட்டால் பதராகிவிடும். எங்கள் விதிப்படி, பிழை கணினியுடையது என்றால் மேலதிகமாக ஒரு முறை தண்ணீர் உண்டு. இல்லையென்றால் இல்லை. விதியை எழுதியவன் நான். கச்சிதமாகவே எழுதியிருந்தேன்.

"போனைப் பாக்காமல் விட்டிட்டு இப்ப கதை விடுறா," என்றார் பின்வரிசையில் ஒருவர்.

பின்வரிசைக்காரர் சொல்வது உண்மை என்றே எனக்குப் பட்டது. அதை எல்லோர் முன்னாலும் நிரூபித்துக்காட்ட ஆசைப்பட்டேன். கணினியைத் திரையில் இணைத்தேன்.

"ஐயா, மெசினுக்குத் தேங்காய் உடைக்க வேணுமோ?" என்றது பின்வரிசை.

கிரெப் என்ற தேடல் கட்டளையால் முதலில் அந்தப் பெண்ணின் எண் உள்ள வரிகளைப் பதிவுக் கோப்பிலிருந்து பிரித்தெடுத்தேன். அவற்றுக்குள் 'சேரவில்லை', 'தொடர்பில்லை', 'நிறுத்து' என்ற மூன்றில் எது இருந்தாலும் காட்டும்படி, சொற்களுக்கிடையே நிலைக்கோடு போட்டுத் தட்டினேன். முதல் இரண்டோடு விட்டிருக்கலாம். மூன்றாவதைச் சேர்த்தது முழுமைக்காக. முழுமை எனக்குப் பழைய வியாதி.

ஒரே ஒரு வரி வந்தது. அவருடைய எண்ணிலிருந்தே 'நிறுத்து' என்று மறுமொழி வந்திருந்தது. கணினி கீழ்ப்படிந்து, அந்த எண்ணுக்குச் செய்தி அனுப்புவதை விட்டிருக்கிறது.

பின்வரிசை சிரித்தது.

"ஓம், நான்தான் நிப்பாட்டினனான்," என்றார் அந்தப் பெண். "மனிசன் செத்துப் போச்சுது. ஆனா தண்ணி வருகுது, வயலுக்குப் போங்கோ எண்டு அந்தாளின்ர பேரைச் சொல்லித்தானே ஒவ்வொரு முறையும் வருகுது. எனக்கு வாசிக்க ஏலாமல் கிடந்தது, ஐயா. பிறகு பக்கத்து வயல்காரர் சொல்லுவினம். இந்த முறை அவையும் மறந்து போச்சினம்."

யாரும் சிரிக்கவில்லை. காணியின் அனுமதிப்பத்திரம் கணவர் பெயரில் இருந்தது. பெயர் மாற்றம் முடியும்வரை செய்தியும் அவர் பெயரைச் சொல்லியே போகவேண்டும். அதுவும் என்னுடைய ஏற்பாடுதான்.

தலைவர் என்னைப் பார்த்தார். "விதி என்ன சொல்லுது, ஐயா?"

சொன்னேன். மிகச் சரியாகவே சொன்னேன். அந்தப் பெண்ணுக்குத் தண்ணீர் கிடைக்கவில்லை. அறுவடையில் அந்த வயலின் பெரும்பகுதி பதராயிற்று.

செய்தியிலிருந்து பெயரை எடுத்துவிடுவது ஒரு தேநீர் ஆறுவதற்குள் முடிகிற வேலை. செய்தேன். திரும்பப் பதிந்துகொள்ளும்படி அவரிடம் போய்ச் சொன்னேன்.

"வேண்டாம் ஐயா, இனி நானே வாய்க்காலைப் போய்ப் பாப்பன்," என்றார். குரலில் கோபம் இருக்கவில்லை.

திரையை விரிக்குமுன் அவரைத் தனியே கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்டிருந்தால், இறந்தவர் பெயரில் செய்தி அனுப்பியது கணினியின் பிழையே என்று அந்த விதிக்குள்ளேயே அவருக்கு ஒரு வழி கண்டுபிடித்திருப்பேன். அந்தக் கெட்டித்தனமும் என்னிடம் தாராளமாக இருந்தது என்பதுதான் இன்றைக்கும் என்னை உறுத்துகிறது.