டீ நேரத்தில் நான் சொன்ன கதைகள்

நான் லிஃப்ட் மெக்கானிக். கதவு மூட அரை நொடி தாமதமானாலே எங்கே தேய்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவேன். அதனால் கூட வேலை பார்ப்பவர்கள் என்னை ‘டாக்டர்’ என்பார்கள். நானும் வெட்கமில்லாமல் திரும்பிப் பார்ப்பேன்.

என் மனைவி அதிர்ந்து பேசாதவள். போன வருஷம் எங்கள் மேலாளர் வீட்டுக்கு வந்திருந்தார். அவர் முகத்துக்கு நேரே, “இந்தத் தொப்பைய ஏத்திக்கிட்டு லிஃப்ட் எப்படிங்க வேகமாப் போகும்?” என்று கேட்டுவிட்டாள். இருபது வருஷமாக என் தொண்டைக்குள் கிடந்த கேள்வி! வெளியே மன்னிப்புக் கேட்டேன், உள்ளுக்குள் விசிலடித்தேன். மறுநாள் டீ நேரத்தில் அதுதான் கதை. அடுத்த மாதம் துக்கம் விசாரிக்கப் போன வீட்டில், “காபி கிடையாதா?” என்றாள். அதுவும் கதையாயிற்று. அப்புறம் பிஸ்கட். தினமும் அதே வகை, மூன்று பாக்கெட், எனக்கு ஒன்றுகூடத் தராமல். விடுவேனா, அதையும் சொன்னேன்.

“அக்கா சரியில்ல மாமா, டாக்டர்கிட்டக் காட்டுங்க” என்றாள் மச்சினி.

நான்தான் டாக்டராயிற்றே! நானே சோதனை போட்டேன். கல்யாணத் தேதி, ஏழு பேருடைய போன் நம்பர், சிலிண்டர் வந்த நாள் எல்லாவற்றையும் மனைவி டக் டக்கென்று சொன்னாள். “உங்கக்காவுக்கு ஞாபகம் பிசகவே இல்லம்மா. எனக்குத்தான் மறதி” என்று மச்சினியை அனுப்பிவைத்தேன். போய்ப் பார்க்கும்போது லிஃப்ட் ஓடினால் ‘சரியாக உள்ளது’ என்று கையெழுத்துப் போட்டுவிட்டு வருவோமே, அப்படி. மடையன்.

போன வாரம் லிஃப்ட் கதவில் விரல் நசுங்கி, கைக்குட்டையைச் சுற்றிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். ரத்தம் சொட்டிக்கொண்டிருந்தது. சவரம் செய்யும்போது எனக்கு ஒரு கீறல் பட்டாலே பதறுகிறவள், பிஸ்கட்டிலிருந்து கண்ணை எடுக்காமல், “தரையில சொட்டாம நில்லுங்க” என்றாள். மறுநாளே அவளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன்.

நிஜ டாக்டர் பொறுமையாகச் சொன்னார்: “மூளையோட முன்பக்கமும் பக்கவாட்டும் சுருங்குற நோயா இருக்கலாம். இதுல ஆரம்பத்துல பலருக்கு ஞாபகம் நல்லாவே இருக்கும். கூச்சம், இரக்கம், சாப்பாட்டுல அளவு, இதெல்லாம்தான் முதல்ல மாறும். ஸ்கேன் பாத்துட்டுச் சொல்றேன். எப்போலேருந்து இப்படி?”

மாதவாரியாகச் சொன்னேன். தொப்பை, காபி, பிஸ்கட். டீ நேரத்தில் அத்தனை பேரும் விழுந்து விழுந்து சிரித்த கதைகள். அவர் சிரிக்காமல் ஒவ்வொன்றாக எழுதிக்கொண்டார்.

பக்கத்தில் இருந்தவள், “பசிக்குது” என்றாள். பையிலிருந்து பிஸ்கட் பாக்கெட்டை எடுத்தேன். கட்டுப் போட்ட விரலோடு பிரிக்கக் கொஞ்சம் நேரமானது.

“சீக்கிரம்” என்றாள்.