முப்பது கழித்து மீதியில் பாதி

மகன் அமெரிக்கா போன புதிதில் ஒரு நாள் போனில், "இன்னிக்கு இங்க நாப்பதும்மா" என்றான். எனக்குச் சித்திரை வெயிலில் தி.நகர் போய்த் துணி எடுத்து வந்தது ஞாபகம் வந்துவிட்டது. "மெல்லிசா பருத்திச் சட்டை போடுப்பா. மோர் நிறைய குடி" என்றேன். சிரித்துச் சிரித்து அவனுக்கு இருமலே வந்துவிட்டது.

"இங்க வேற அளவும்மா. முப்பதைக் கழி. மீதியில பாதி எடு. கிட்டத்தட்ட உங்க ஊர் கணக்கு வந்துடும்."

நான் ஐந்தாவது வரைதான் படித்தேன். ஆனாலும் கழிக்கத் தெரியும், பாதி போடத் தெரியும். நாற்பதில் முப்பது போனால் பத்து, அதில் பாதி ஐந்து. ஐந்து என்றால் எப்படி இருக்கும் என்று கேட்டேன். "ஃபிரிட்ஜுக்குள்ள உக்காந்த மாதிரி" என்றான். அன்று பால் எடுக்க ஃபிரிட்ஜைத் திறந்தவள், கொஞ்ச நேரம் கையை உள்ளேயே வைத்திருந்தேன்.

அதிலிருந்து ஞாயிறு பூசை முடிந்து மாதா கோயிலிலிருந்து வீட்டுக்கு வந்ததும் அவன் போன் வரும். அவனுக்கு அது சனிக்கிழமை ராத்திரி. அவன் ஒரு எண் சொல்லுவான். நான் வாய்விட்டுக் கழிப்பேன். அவன் காத்திருப்பான். விடை வந்ததும் அவனுக்கு உடுத்தக் கிளம்பிவிடுவேன். உள்ளே பனியன் போட்டியா, மேலே ஸ்வெட்டர் எது, காதை மூடினியா, காலுக்கு என்ன. எல்லாவற்றுக்கும் "போட்டேம்மா, போட்டேம்மா" என்பான். எனக்கு வேறு பேசத் தெரியாது. அவனோடு பேசுவதெல்லாம் அவன் அப்பாதான். அவர் போன பிறகு எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் இந்தக் கணக்கு ஒன்றுதான் இருந்தது.

போன கோடையில் வந்திருந்தபோது என் போனை வாங்கி ஏதோ செய்தான். நம் ஊர் வெயிலுக்குக் கீழேயே அவன் ஊர் குளிரும் தெரிந்தது. நம் அளவிலேயே.

"இனிமே நீ கஷ்டப்பட்டுக் கணக்குப் போட வேணாம்மா."

நல்லதுக்குத்தான் செய்தான். குளிர்காலம் வந்தது.

"இன்னிக்கு இங்க..." என்று ஆரம்பித்தான்.

"பாத்தேன்பா. ஆறு."

"ஆமா, ஆறு."

ஃபேன் ஓடும் சத்தம் கேட்டது.

"சாப்டியாம்மா?"

"சாப்டேன். நீ?"

"ஆச்சு. வெச்சுடட்டா?"

அடுத்தடுத்த ஞாயிறுகளும் அப்படித்தான் போயின. போனை வைத்த பிறகு அதைக் கையிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். சொல்ல ஏதாவது தோன்றாதா என்று பார்ப்பேன். ஒன்றும் தோன்றாது.

டிசம்பரில் காலைப் பூசைக்கு அவன் விட்டுப்போன ஸ்வெட்டரைச் சேலைமேல் போட்டுக்கொண்டு போனேன். வாசலில் மீன்காரம்மா பிடித்துக்கொண்டாள்.

"இன்னாம்மா, ஊட்டிக்கு ஷூட்டிங் போறியா? நானு விடிகாலம் கடக்கரைல நின்னுகினு ஏலம் எடுத்துனு வரேன். எனுக்கே குளிர்ல. உனுக்குக் கம்பளி கேக்குதா?"

தெருவில் நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்கு வெட்கமாகிவிட்டது. மறுநாள் ஸ்வெட்டர் இல்லாமல் போனேன். திரும்பும்போது தூறல். ஞாயிற்றுக்கிழமை காய்ச்சலோடு படுத்திருந்தேன்.

"குரல் ஏம்மா இப்படி இருக்கு?"

"கொஞ்சம் காய்ச்சல்."

"எவ்ளோ?"

"நூத்தியொண்ணு."

"நூத்தியொண்ணா!" என்றான்.

எந்த அளவு என்று அவன் கேட்கவில்லை. வெயிலுக்குத்தான் நமக்கு ஓர் அளவு, அவர்களுக்கு ஓர் அளவு. காய்ச்சலுக்கு இரண்டு ஊரிலும் ஒன்றுதான் போல. கழிக்காமல், பாதி போடாமல், அப்படியே அவனிடம் போய்ச் சேர்ந்துவிட்டது.

மறுநாளும் கூப்பிட்டான். காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை. இப்போது அவன் எனக்கு உடுத்தினான்.

"ஸ்வெட்டர் போட்டுக்கிட்டியா?"

"போட்டிருக்கேன்."

"காலுக்கு சாக்ஸ்?"

"நம்ம வீட்ல சாக்ஸுக்கு எங்க போறது?"

"பீரோல கீழ்த்தட்டுல பாரு. என் ஸ்கூல் சாக்ஸ் கெடக்கும். தூக்கிப் போட்டிருக்க மாட்டியே நீ."

இருந்தது. வெள்ளை மஞ்சளாகியிருந்தது, ரப்பர் தளர்ந்திருந்தது. போட்டுக்கொண்டேன். மாடிப்படி இறங்கும்போது கணுக்காலில் வழிந்து வழிந்து விழுந்தது.

வியாழக்கிழமை தெர்மாமீட்டரில் தொண்ணூற்றெட்டு. சொன்னதும், "அப்பாடா, நார்மல்" என்றான். எனக்கும் உடம்பு லேசாகத்தான் இருந்தது. ஆனால் நாளைக்குப் போன் வராது என்று தெரிந்துவிட்டது. வரவும் இல்லை.

ஞாயிறு வந்தது. போனில் அவன் ஊரைப் பார்க்காமல் கவிழ்த்து வைத்திருந்தேன். மணி அடித்ததும் எடுத்து, நானே முந்திக்கொண்டு கேட்டேன்.

"இன்னிக்கு அங்க எவ்ளோப்பா?"

"போன்ல பாக்கலையா?"

"பாக்கலை. உங்க ஊர் கணக்குலயே சொல்லு."

"இருபத்தெட்டு" என்றான்.

முப்பதுக்குக் கீழே அவன் எந்த ஞாயிறும் சொன்னதில்லை. கழித்துப் பார்த்தேன். விரலை மடக்கியும் பார்த்தேன். அவன் பழையபடி காத்திருந்தான்.

"முப்பது போக மாட்டேங்குதேப்பா."

"போகாதும்மா. தண்ணியெல்லாம் உறைஞ்சு கெடக்கு."

"அப்போ என்னத்தப் போடறது?"

"இருக்கறது எல்லாத்தையும் போட வேண்டியதுதான்."

"ஒண்ணொண்ணா சொல்லு" என்றேன்.

பனியனிலிருந்து ஆரம்பித்தான்.