தீப்பெட்டி நுழையாத கடக்கால்

வீட்டுக் கடக்கால், அதாவது அஸ்திவார விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் முன் அனுபவம் உண்டு. பத்து வயதில் ஒரு கடக்காலிலிருந்து பன்னிரண்டு கட்டைகளைத் திருடியிருக்கிறேன். அதுவும் வேறு யாருடையதோ அல்ல, எங்கள் சொந்த வீட்டுக் கடக்கால்.

மொரப்பூருக்குப் பக்கத்தில் அப்பா வீடு கட்டத் தொடங்கியிருந்தார். தூண்களுக்காக ஒன்பது குழிகள். ஒவ்வொரு குழியின் அடியிலும் கம்பியை வலை மாதிரி கட்டிப் படுக்க வைத்திருந்தார்கள். கம்பி தரையைத் தொட்டால் ஈரம் ஏறித் துருப்பிடித்துவிடும். அதற்காக வலையின் நான்கு மூலைக்கும் சின்னச் சின்ன சிமெண்டுக் கட்டைகளை முட்டுக் கொடுத்திருந்தார்கள். கான்கிரீட் கொட்டிவிட்டால் அந்தக் கட்டைகளை ஜென்மத்துக்கும் யாரும் பார்க்கப் போவதில்லை. யாரும் பார்க்காத இடத்தில் இவ்வளவு அழகான கட்டைகள் எதற்கு என்பது என் கேள்வி. ஒரே அளவு, ஒரே கனம். ஏழுகல் ஆட அதைவிட உத்தமமான கல் தர்மபுரி மாவட்டத்திலேயே கிடையாது.

ஒரு நாள் சாயங்காலம், ஆட்கள் கிளம்பிப் போனதும், நான் கடப்பாரையை விட்டு வலையை நெம்பிக் கடப்பாரை மேலேயே உட்கார்ந்துகொள்ள, என் கூட்டாளி ஒருவன் கட்டைகளை உருவினான். மூன்று குழி, பன்னிரண்டு கட்டை. ஆட்டத்துக்கு ஏழு போதும்தான். ஆனால் கை வைத்த பிறகு பாதியில் நிறுத்துவது என் குணமல்ல.

மறுநாள் காலை ரயிலில் மாமா வந்து இறங்கினார். அம்மாவின் அண்ணன், சேலத்தில் அரசாங்க ஓவர்சியர். சொந்தத்தில் யார் வீடு கட்டினாலும் அவர் குழியில் இறங்கிப் பார்த்துத் தலையாட்டிய பிறகுதான் கான்கிரீட். பெண் பார்க்கக்கூட எங்கள் வகையறாவில் இவ்வளவு கெடுபிடி கிடையாது. அவர் ஆயுதம் ஒரு தீப்பெட்டி. அதை நெட்டுக்குத்தாக நிறுத்திக் கம்பிக்கு அடியில் தள்ளுவார். நுழைந்தால் பாஸ்.

மேஸ்திரிக்கு அதுதான் சொந்தப் பொறுப்பில் எடுத்த முதல் வேலை. அனுபவம் பத்தாது என்று மாமா தடுத்தும், அப்பாதான் நம்பிக் கொடுத்திருந்தார். பரீட்சை எழுதியவன் போலக் கையைக் கட்டிக்கொண்டு குழி மேட்டில் நின்றார் மனிதர்.

முதல் ஆறு குழியிலும் தீப்பெட்டி வழுக்கிக்கொண்டு போனது. ஏழாவதில் முட்டி நின்றது. என் மூச்சும்தான்.

"என்னாய்யா இது? கட்டை எங்க?" என்றார் மாமா.

"நேத்து என் கையால வெச்சனுங்க சார்."

"வெச்சிருந்தா இருக்கணுமில்ல? றெக்க மொளச்சுப் பறந்துருச்சா?"

"என் புள்ள மேல சத்தியமா வெச்சனுங்க!"

எட்டாவது, ஒன்பதாவது குழிகளிலும் அதே கதை. மாமா மேலே ஏறி வந்து அப்பாவிடம், "மாப்ள, இந்த ஆளை இன்னைக்கே மாத்து. கட்டைய முழுங்கினவன் நாளைக்குக் கம்பியையும் முழுங்குவான்" என்றார். அப்பா மேஸ்திரியின் முகத்தைப் பார்க்காமல், "மொதல்ல வூட்டுக்குப் போயி சாப்புட்டு வந்து பேசிக்கலாம் வாங்க மச்சான்" என்றார்.

வீட்டில் களியும் கோழிக் குழம்பும். நான் களியை உருட்டி உருட்டித் தட்டிலேயே வைத்தேன். வாசலில் எந்த வண்டிச் சத்தம் கேட்டாலும் போலீஸ் ஜீப்பாகவே கேட்டது. கோழிக் குழம்பை வேண்டாமென்று நான் தள்ளியதைப் பார்த்து, "புள்ளைக்குக் கண்ணு பட்டுருச்சு" என்று அம்மா மிளகாய் தேடப் போனாள். அந்த இடைவெளியில் கட்டைகளைப் பள்ளிக்கூடப் பையில் போட்டுக்கொண்டு கொல்லை வழியாக ஓடினேன்.

குழியில் இறங்கிய பிறகுதான் சிக்கல் விளங்கியது. கடப்பாரை மேல் நான் உட்கார்ந்தால் வலை எழும்பியது, கட்டை வைக்க ஆளில்லை. கட்டை வைக்க இறங்கினால் வலை படுத்துக்கொண்டது. ஏறினேன், இறங்கினேன். நாலாவது தடவை கட்டுக்கம்பியின் முனை என் டவுசரைப் பிடித்துக்கொண்டது. பறிக்கப் போய்ப் பின்பக்கம் டர்ரென்று கிழிந்தது.

"யாரு சாமி அது, குழிக்குள்ள சர்க்கஸ் காட்டறது?"

மேஸ்திரி. சாப்பிடக்கூடப் போகாமல் புளியமரத்தடியில் உட்கார்ந்திருந்தவர்.

பையைத் திறந்து காட்டினேன். அழுகையோடு அழுகையாக, அவர் கேட்காத குற்றங்களையும் ஒப்புக்கொண்டேன். அவர் சமன் பார்க்கும் ரசமட்டத்துக் குமிழியை வெளியே எடுக்கப் பார்த்தது உட்பட. கடைசியில், "அப்பாகிட்ட மட்டும் சொல்லிராதீங்க" என்றேன்.

அவர் எங்கள் வீட்டுப் பக்கம் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கடப்பாரையை எடுத்தார். "நான் நெம்பறன், நீ வெய்யி."

பன்னிரண்டும் வைத்து முடித்ததும், "நீ இங்க வரவே இல்ல, தெரிஞ்சுதா? ஓடு" என்றார்.

வேறு டவுசர் மாட்டிக்கொண்டு, மாமாவின் விரலைப் பிடித்தபடி பச்சைப்பிள்ளையாகத் திரும்பி வந்தேன்.

"சார், இன்னொருக்கா பாத்துருங்க" என்றார் மேஸ்திரி.

மாமா வேண்டாவெறுப்பாக இறங்கினார். தீப்பெட்டி நுழைந்தது. மூன்று குழியிலும்.

"நாங்க சாப்புடப் போன நேரத்துல வெச்சிருக்கற."

"ஆளுங்கல்லாம் காலையிலயே போயிட்டாங்க சார்" என்றார் மேஸ்திரி பணிவாக. "நெம்ப ஒரு ஆளு, வெக்க ஒரு ஆளு வேணும். ஒண்டியா எப்படிங்க முடியும்? உங்களுக்குத் தெரியாததா?"

தொழில் தெரிந்தவர் மாமா. தெரியாதவராக இருந்திருந்தால் சண்டை போட்டிருப்பார். மறுபடி குனிந்து தீப்பெட்டியைத் தள்ளினார், எடுத்தார், இன்னொரு தரம் தள்ளினார். "காலையில வெயிலு மூஞ்சியில அடிச்சுது" என்றார் யாரிடமோ சொல்வது போல.

"அட, வுடுங்க மச்சான்!" என்று அப்பா சிரித்தார். மேஸ்திரி சிரித்தார். எல்லோரையும்விடச் சத்தமாக நான் சிரித்தேன்.

மறுநாள் கான்கிரீட் கொட்டினார்கள். மேஸ்திரி பிறகு ஊரில் பாதி வீடுகளைக் கட்டினார். ஓவர்சியருக்குக் கட்டை தெரியாத கதை பாப்பிரெட்டிப்பட்டி, மாரண்டஹள்ளி என்று சொந்தம் இருக்கிற இடமெல்லாம் பரவியது. கல்யாண வீடுகளில் என்னைக் கூப்பிட்டு நடிக்கச் சொல்வார்கள். குனிந்து, முழித்து, மறுபடி குனிந்து பார்க்கும் மாமாவாக நடிப்பதில் என்னை மிஞ்ச ஆளில்லை. மாமாவும் ஒரு ஓரத்தில் உட்கார்ந்து சிரிப்பார்.

சில மாதம் கழித்து அவர் கண் டாக்டரிடம் போனார். கண்ணில் ஒரு கோளாறும் இல்லை என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். நல்ல சேதிதானே, அதற்கு ஏன் அத்தை முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே சொன்னாள் என்று எனக்கு விளங்கவில்லை. அதற்கப்புறம் ஒரு நாள் அப்பா அம்மாவிடம் சொன்னார். "உங்கண்ணன் இனிமே கட்டடம் பாக்கப் போறதில்லையாம். அவரே எழுதிக் குடுத்துட்டு ஆபீஸ்லயே ஒக்காந்துட்டாரு."

ஆபீஸ், நாற்காலி, தலைக்கு மேலே ஃபேன். என் மாமாவுக்குப் பதவி உயர்வு கிடைத்துவிட்டது என்று மறுநாள் வகுப்பு முழுக்க ஆரஞ்சு மிட்டாய் கொடுத்தேன்.