கோர்ட் கலையும் வரை

விசா மையத்துக்குள் பையும் போனும் கொண்டுபோகக் கூடாது என்று யாரோ போட்ட விதியால்தான் பல வருடமாக என் வீட்டில் அடுப்பு எரிகிறது.

மையத்துக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வாசலில் எனக்கு ஒரு மேஜை, இரண்டு இரும்பு அலமாரி, ஒரு டப்பா நிறைய பித்தளை டோக்கன். கோர்படியிலிருந்து முதல் பஸ்ஸில் வந்துவிடுவேன். உள்ளே போகிறவர்கள் காசு கொடுத்துப் பையை என்னிடம் விட்டுப் போவார்கள். வாங்கும்போது அதில் இருப்பதை அவர்களையே எண்ணச் சொல்வேன். திருப்பித் தரும்போதும் எண்ணச் சொல்வேன். சிலர் முகம் சுளிப்பார்கள். எனக்குப் பேச அவ்வளவாக வராது, எண்ண வரும். அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

ஃபைலை விடாதவர்கள்

போலீஸ் கேஸ் உள்ளவர்களைப் பெரும்பாலும் கண்டுபிடித்துவிடலாம். மற்றவர்கள் பையைத் தந்துவிட்டு டீ குடிக்கப் போவார்கள். இவர்கள் ஃபைலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு ஒரே பக்கத்தைத் திரும்பத் திரும்பப் பார்ப்பார்கள்.

ஒரு தடவை கழுத்தில் தடிச் சங்கிலி போட்ட கட்டட கான்ட்ராக்டர் ஒருவர் வந்தார். கணபதி ஊர்வலத்தில் நடந்த அடிதடி, கேஸ் பழசு. உள்ளே கூப்பிட்டதும் என் பக்கம் குனிந்து, இந்த ஊர்ப் பேச்சில் சித்தி முறை வைத்துக் கேட்டார்: "மௌசி, அந்த வெள்ளைக்கார ஆபீசரோட கம்ப்யூட்டருக்கு மராத்தி படிக்க வருமா?"

கசார்வாடியிலிருந்து வந்தவர்

சேவியர் வந்தபோது கையில் ஃபைல் இல்லை, பைக்குள் இருந்தது. பயமில்லாதவர் என்று நினைத்தேன். ஐம்பத்தைந்து வயது இருக்கும். கசார்வாடியில் லேத் பட்டறையில் வேலை. நான் டோக்கன் எண்ணைத் தமிழில் முணுமுணுத்ததைக் கேட்டதும் முகம் மலர்ந்துவிட்டது. அவரும் என்னைப் போல இந்த மராத்தி ஊருக்குப் பிழைக்க வந்த தமிழர்தான். மனைவி இறந்து ஏழு வருடம். ஒரே மகள் ரீனா இங்கிலாந்தில் நர்ஸ். அவளுக்கு வயிற்றில் ஆபரேஷன், தேதி குறித்தாகிவிட்டது. மருமகனுக்கு ராத்திரி ஷிப்ட். மூன்று வயதுப் பேரனைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். "நான் போகலைன்னா அவ ஆபரேஷனைத் தள்ளிப் போட்ருவாக்கா. தள்ளக் கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு" என்றார்.

அவருக்கு இங்கிலீஷ் படிக்க வராது. ஏஜென்ட் அடித்துக் கொடுத்த விண்ணப்பத்தில் பக்கம் எல்லாம் சரியாக இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னார். நான் எட்டாவது வரை படித்தவள், எழுத்துக் கூட்டிப் படிப்பேன். ஒரு பக்கத்தில், எந்த நாட்டிலாவது குற்றத்துக்குத் தண்டனை பெற்றதுண்டா என்ற கேள்வி. எதிரே 'இல்லை'. அதைத் தமிழில் சொன்னேன். சிரித்துக்கொண்டே சொன்னார்: "ரஞ்சன்காவ் கம்பெனியில வேலை செஞ்சப்போ ஸ்ட்ரைக்ல வாசல் கேட் கண்ணாடி உடைஞ்சு ஒரு கேஸ் இருந்துச்சு. அது அன்னைக்கே முடிஞ்சுதுக்கா. ஒத்துக்கிட்டு ஃபைன் கட்டினோம், ரசீதுக்காக சாயங்காலம் வரை கோர்ட்டு பெஞ்சுல உட்கார வெச்சாங்க, அவ்வளவுதான்."

நோட்டரி மேஜையும் ஏஜென்ட் போனும்

எனக்கு மனசு சரியில்லை. பக்கத்தில் குடை விரித்து உட்காரும் நோட்டரி வக்கீலைக் கை காட்டினேன். வக்கீல் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு மெதுவாகச் சொன்னார். ஒத்துக்கொண்டு ஃபைன் கட்டினால் குற்றவாளி என்று தீர்ப்பு ஆகிவிட்டது. பெஞ்சில் உட்கார்ந்தது ரசீதுக்காக இல்லை. அன்றைய கோர்ட் முடியும் வரை அங்கேயே உட்கார வைப்பதற்கு 'கோர்ட் கலையும் வரை காவல்' என்று பெயர், அதுவும் ஒரு தண்டனை. இத்தனை வருடம் கழித்து 'ஆம்' என்று எழுதி விவரம் சொன்னால் கிடைக்கவும் கிடைக்கலாம். 'இல்லை' என்று எழுதி மாட்டிக்கொண்டால் பத்து வருடம் அந்தப் பக்கம் போக முடியாது.

"ஜெயில்ல இருந்தேனா நான்?" என்று வக்கீலிடமே கேட்டார் சேவியர். பிறகு ஏஜென்டுக்குப் போன் போட்டார். ஸ்பீக்கரில் இருந்ததால் நாங்கள் மூன்று பேரும் கேட்டோம். 'ஆம்' என்று மாற்றினால் நிச்சயம் ரிஜெக்ட், புதிதாகப் போடவும் நாள் இல்லை, பேசாமல் உள்ளே போங்கள் என்றார் ஏஜென்ட். கடைசியாக ஒன்று சொல்லிவிட்டு வைத்தார்: "அங்கிள், பாவமன்னிப்பு கேக்கணும்னா சர்ச்சுக்குப் போங்க, இங்க எதுக்கு?"

உள்ளே போனவர்

அவர் முறை வந்தது. பையையும் போனையும் மேஜையில் வைத்து, எண்ணாமலே டோக்கனை வாங்கிக்கொண்டு போனார். 'இல்லை' என்ற அதே காகிதத்தோடு. எண்ணாமல் போக நான் யாரையும் விட்டதில்லை. அன்றைக்கு விட்டுவிட்டேன்.

கொஞ்ச நேரத்தில் அவர் போன் அடித்தது. திரையில் ரீனா, மடியில் பையன். அடுத்தவர் போனை எடுப்பதில்லை என்பது என் வழக்கம். நின்று, மறுபடி அடித்தது. எடுத்தால் என்ன சொல்வேன்? உங்கப்பா உள்ளே இருக்கிறார் என்றா? அந்த வார்த்தையே எனக்கு வேறு மாதிரி கேட்டது. போனைக் கவிழ்த்து வைத்தேன். மேஜை அதிர்ந்துகொண்டே இருந்தது.

மற்றவர்களுக்கு ஆகும் நேரத்தில் பாதிகூட ஆகவில்லை, அவர் வெளியே வந்துவிட்டார். மையத்தில் கைரேகை எடுக்கும் கண்ணாடி வரை போயிருக்கிறார். முடியவில்லை என்று சொல்லி எழுந்து வந்துவிட்டார். இரண்டு உள்ளங்கையையும் விரித்துப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "போலீஸ் ஸ்டேஷன்ல மசியில வெச்சதும் இதே பத்து விரல்தானேக்கா."

பதிவறையில்

ரேகை வைக்காததால் விண்ணப்பத்தைத் திரும்பப் பெற முடிந்தது. புதிதாகப் போட தீர்ப்பின் நகல் வேண்டும் என்றார் வக்கீல். சேவியர் பட்டறையில் லீவு சொல்லிவிட்டுக் கோர்ட்டுக்கு அலைந்தார். ஃபைல் மூட்டையில் இருக்கிறது என்றார்கள், மூட்டை மாடியில் இருக்கிறது என்றார்கள், மாடிச் சாவி லீவில் இருக்கிறது என்றார்கள். ஒவ்வொரு தடவையும் திரும்பும் வழியில் என் மேஜைக்கு வந்து ஒரு டீ குடித்துவிட்டுப் போவார். ரீனா ஆபரேஷன் தேதியைத் தள்ளிப் போட்டுவிட்டாளா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. அவரே ஒரு நாள் சொன்னார், இன்னும் தள்ளவில்லை என்று.

கடைசியில் மூட்டை அவிழ்ந்தது. பதிவறை குமாஸ்தா தூசியைத் தட்டிக் காகிதத்தை நீட்டியபோது, சித்தப்பா முறை வைத்துச் சொன்னதை சேவியர் அப்படியே என்னிடம் சொன்னார்: "காகா, இங்க வர்றவங்க எல்லாரும் ஃபைலைத் தொலைக்க முடியுமான்னு கேப்பாங்க. கண்டுபிடிச்சுத் தாங்கன்னு அழுத மொத ஆள் நீங்கதான்."

ஒட்டின கவர்

'ஆம்' என்று எழுதி, நகலும் மொழிபெயர்ப்பும் வக்கீல் எழுதிய விளக்கமும் சேர்த்து, பத்து விரலும் வைத்துவிட்டு வந்தார். அப்புறம் வாரக்கணக்கில் ஒரு தகவலும் இல்லை. ஆபரேஷன் வியாழக்கிழமை என்றால், அதற்கு முந்தைய வெள்ளிக்கிழமைதான் பாஸ்போர்ட்டை வாங்கிக்கொள்ள மெசேஜ் வந்தது. விசா கிடைத்ததா இல்லையா என்று அதில் இருக்காது.

கவரை வாங்கிக்கொண்டு என் மேஜைக்கு வந்தார். பிரிக்கவில்லை. "நீங்களே பாருங்கக்கா" என்றார். நான் கத்தரியால் ஓரமாக வெட்டி, பக்கம் பக்கமாகத் திருப்பினேன். வெறும் பக்கம், வெறும் பக்கம். நடுவில் விசா ஒட்டியிருந்தது. பெயர், பிறந்த தேதி, செல்லுபடியாகும் நாள் எல்லாம் ஒவ்வொன்றாகச் சரிபார்த்த பிறகுதான் அவரிடம் காட்டினேன். அவர் சிரிப்பார் என்று நினைத்தேன். திங்கட்கிழமை விமானத்துக்கு டிக்கெட் போட மருமகனுக்குப் போன் செய்தார். பேசி முடித்து, பாஸ்போர்ட்டைச் சட்டைப்பையில் வைத்துப் பொத்தான் போட்டார். பிறகு என் பக்கம் திரும்பினார்: "அங்க இறங்கினதும் கவுன்டர்ல மறுபடியும் இந்தக் கேஸைப் பத்தியே கேப்பாங்களாமேக்கா, அந்தத் தீர்ப்புக் காகிதத்தைக் கைப்பையிலேயே வெச்சுக்கட்டுமா?"

உண்மையை ஒரு தடவை சொன்னால் தீர்ந்துவிடும் என்று நினைப்பவர்கள் கவுன்டருக்கு இந்தப் பக்கம் நிற்கும் நம்மைப் போன்றவர்கள்தான். அந்தப் பக்கம் உட்கார்ந்து கேட்பவர்களுக்கு அது ஒவ்வொரு கவுன்டரிலும் புதிதாக வேண்டியிருக்கிறது.