ஐந்தருவியில் ஒரு ரபி

அமெரிக்காவிலிருந்து வந்த என் நண்பர் ஒரு ரபி, அதாவது யூத மதகுரு. அவரை ஐந்தருவியில் பழக்கடை வைத்திருக்கும் என் பால்ய சிநேகிதன் காதரிடம் அழைத்துப்போனேன். செய்தித்தாள் அதிகம் படிக்கிறவன் நான். எங்கே சண்டை மூண்டு இரண்டு சிநேகிதமும் போய்விடுமோ என்று, "இவர் புரொபசர்" என்றேன்.

ரபியோ தான் யாரென்று ஆங்கிலத்தில் போட்டுடைத்தார். காதருக்குத் துபாயில் கற்ற ஆங்கிலம் உண்டு. அருவிக்குப் போகுமுன்பே எனக்கு உடம்பு நனைந்துவிட்டது.

"மூசா நபி வழி ஆளுவளா! எங்களுக்கும் அவுக நபிதாம்லா!" என்ற காதர், அன்னாசி நறுக்க எடுத்த கத்தியைக் கீழே வைத்தான். "அவுகளுக்கும் நம்மள மாதிரி சாப்பாட்டுல விலக்கு உண்டும்லா. இந்தக் கத்தி எதையெல்லாம் நறுக்குச்சோ, வேண்டாம்." மங்குஸ்தானைக் கழுவிக் கொடுத்தான். ரபி அதைக் கையாலேயே பிளந்து, முணுமுணுவென்று ஜெபம் சொன்னார். முடியும்வரை காத்திருந்து, "ஆமீன்" என்றான் காதர்.

பிறகு என் பக்கம் திரும்பினான். "ஏலே, என்னய என்னன்னுலே நெனச்ச?"

நானும் ஒரு சுளையை எடுத்து வாயில் போட்டுக்கொண்டேன். இன்றுவரை காதர் என்னைத்தான் புரொபசர் என்று கூப்பிடுகிறான். மறுக்க எனக்கு முகமில்லை.